கழுத்தில் செயற்கை டிஸ்க்: வலிக்கா, நரம்புக்கா?

"கழுத்து வலியா? தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது டிஸ்க். சில நாளில் வீடு." இந்த மாதிரி விளம்பரங்களும் வீடியோக்களும் கொஞ்ச காலமாகவே வாட்ஸப்பில் சுற்றுகின்றன. வேலூர் காந்தி ரோட்டு லாட்ஜுகளில் எம்.ஆர்.ஐ படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களும், பேரணாம்பட்டிலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றிக்கொண்டே கழுத்தைத் தடவிக்கொள்கிறவர்களும் கேட்பது ஒன்றைத்தான்: அதை எனக்கும் வைத்துவிட்டால் வலி போய்விடுமா?

கழுத்து வலி என்று டாக்டரிடம் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த ஆபரேஷனும் தேவைப்படாது. தேவைப்படுகிற சிலரிலும் ஒரு பகுதியினருக்குத்தான் செயற்கை டிஸ்க் பொருந்தும். அந்தப் பகுதியினருக்கு அது நல்ல சிகிச்சைதான், அதில் சந்தேகம் இல்லை. குழப்பமெல்லாம் 'கழுத்து வலி' என்ற ஒரே பேருக்குள் மூன்று வேறு வேறு நோய்களைப் போட்டுக் கட்டுவதால் வருகிறது.

கழுத்துக்குள் இருப்பது

கழுத்தில் 7 எலும்புகள். மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை எண் போடுவார்கள். முதல் இரண்டுக்கும் நடுவே டிஸ்க் கிடையாது. தலையை இடமும் வலமும் திருப்புவதில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். சி2-க்குக் கீழே ஒவ்வோர் எலும்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு டிஸ்க் உண்டு. நம் பக்கம் ஜவ்வு என்றும் சொல்வோம்.

டிஸ்க்கின் ஓரம் நார்நாரான கெட்டி வளையம். நடுவில் நீர் நிறைந்த கூழ். 20 வயது டிஸ்க்குக்கும் 55 வயது டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசம் இளம் நுங்குக்கும் முற்றின நுங்குக்கும் உள்ளதுதான்: நீர் வற்றுகிறது, கெட்டியாகிறது. கூடவே டிஸ்க்கின் உயரமும் குறைகிறது. உயரம் குறைந்த இடத்தில் எலும்பின் ஓரங்களில் சின்னச் சின்ன முளைகள் வளரும். 'தேய்மானம்', 'ஸ்பாண்டிலோசிஸ்' என்று ரிப்போர்ட்டில் எழுதுவது இதைத்தான். வயதும் பரம்பரையும் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. குனிந்து செய்யும் வேலை வலியைக் கூட்டும், ஆனால் தேய்மானம் முழுவதையும் வேலையின் தலையில் கட்ட முடியாது.

டிஸ்க்குக்குப் பின்னால் ஓர் எலும்புக் குழாய். அதற்குள் தண்டுவடம் இறங்குகிறது. ஒவ்வோர் அடுக்கிலும் (இரண்டு எலும்பும் நடுவே உள்ள டிஸ்க்கும் சேர்ந்தது ஓர் அடுக்கு) இடப்பக்கம் ஒரு நரம்பும் வலப்பக்கம் ஒரு நரம்பும் கிளம்பி, சிறு துளை வழியாக வெளியேறி, தோளுக்கும் கைக்கும் போகின்றன. வளையம் கிழிந்து நடுக்கூழ் பின்னால் பிதுங்கினால், அல்லது எலும்பு முளை அந்தத் துளைக்குள் வளர்ந்தால், நரம்பு நசுங்கும். அதிகமாகப் பாதிக்கப்படுவது சி5-சி6, சி6-சி7 ஆகிய இரண்டு அடுக்குகள்.

ஒரே பேரில் மூன்று நோய்கள்

1. கழுத்தோடு நிற்கும் வலி. பிடரி, தோள்பட்டை, இரண்டு தோள்களுக்கு நடுவே முதுகு. கைக்கு இறங்காது, மரத்துப் போகாது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் மேல்தோல் தைக்கும் மெஷின் முன்னால் நாள் முழுக்க உட்காரும் பெண்களுக்கும், மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறவர்களுக்கும் வருவது பெரும்பாலும் இது. தலை சுமார் 5 கிலோ. அதை முன்னால் சாய்த்தபடி மணிக்கணக்கில் தாங்கிப் பிடிக்கும் தசைகள் களைத்துப் போகின்றன, இறுகுகின்றன. இந்த வலிக்குச் செயற்கை டிஸ்க் மருந்தல்ல. கழுத்து வலி மட்டும் இருப்பவர்களுக்கு இந்த ஆபரேஷனைச் செய்ய வலுவான ஆதாரமும் கிடையாது.

2. கைக்கு இறங்கும் வலி. கழுத்திலிருந்து கிளம்பி, தோள், முழங்கை, விரல் என்று ஒரு கோடு போட்ட மாதிரி சுரீரென்று இறங்கும். கூடவே மரத்துப் போகும், சில சமயம் கையில் பலம் குறையும். எந்த விரல் என்பது முக்கியம். சி6 நரம்பு நசுங்கினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல். சி7 என்றால் நடுவிரல், முழங்கையை நீட்டித் தள்ளும் பலமும் குறையும். சி8 (எலும்பு ஏழுதான், நரம்பு எட்டு ஜோடி) என்றால் சுண்டு விரல் பக்கம். சிலருக்குக் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறையும், இரவில் அப்படியே தூங்குவார்கள். அது நரம்பு நசுங்கியிருப்பதற்கு ஒரு நல்ல அடையாளம்.

3. தண்டுவடமே நசுங்குவது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான். வேடிக்கை என்னவென்றால், இதில் வலி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். அதனால்தான் ஜனங்கள் தாமதமாக வருகிறார்கள்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தண்டுவடம் நசுங்கும்போது முதலில் போவது விரல்களின் நுணுக்கம். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். சில்லறையை எண்ணும்போது காசு நழுவும். பீடி சுற்றும் பெண்ணுக்கு இலையை உருட்டுவது சிரமமாகும். நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு இழுக்கும் இடத்திலும் விரல் சொன்னபடி கேட்காது. மேஸ்திரி கேட்டால் "கை மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வாள். அப்புறம் கால். நடை விறைக்கும், இருட்டில் தள்ளாடும், செருப்பு கழன்று போனதே தெரியாமல் பத்தடி நடந்திருப்பார். கழுத்தைக் குனிந்தால் முதுகெலும்பு வழியே கரன்ட் அடித்த மாதிரி இருக்கும். கடைசியில் சிறுநீர் கட்டுப்பாடு.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கையை முழுவதும் மூடி முழுவதும் விரிக்க வேண்டும், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. ஆரோக்கியமான ஒருவர் 10 விநாடியில் 20 தடவைக்கு மேல் செய்துவிடுவார். தண்டுவடம் நசுங்கியவரால் பெரும்பாலும் அந்த எண்ணிக்கையைத் தொட முடியாது, சுண்டு விரலும் மோதிர விரலும் பின்தங்கும். இது நோயை உறுதிப்படுத்தாது, ஆனால் நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும்.

இந்த நிலையில் இருப்பவர் சலூனில் முடி வெட்டிய பிறகு கழுத்தைச் 'சொடக்கு' எடுக்கவோ, சுளுக்கு எடுக்கிறவரிடம் கழுத்தைத் திருப்பிக்கொள்ளவோ கூடாது. நசுங்கிய தண்டுவடத்துக்கு அந்த ஒரு திருப்பலே போதும், கைகால் விழுந்துவிடலாம். ஆந்திரா பக்கம் புத்தூர்க் கட்டு பற்றியும் சிலர் கேட்பார்கள். அது எலும்பு முறிவுக்கான கட்டு. நசுங்கிய நரம்பைக் கட்டுப் போட்டு விடுவிக்க முடியாது.

இன்னொரு குழப்பம் மணிக்கட்டு. ராத்திரியில் விரல்கள் மரத்து எழுப்பிவிடுகிறது, கையை உதறினால் சரியாகிறது என்றால், நரம்பு கழுத்தில் நசுங்காமல் மணிக்கட்டில் நசுங்கியிருக்கலாம். கையையே மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்களிடம் இது சாதாரணம். சர்க்கரை நோயாளிக்குக் கால் விரல்கள் எரிவதும் மரப்பதும் சர்க்கரையாலேயே வரும். நரம்பு மின்னோட்டப் பரிசோதனை ஒன்று எடுத்தால் இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். கழுத்தில் ஆபரேஷன் முடிந்த பிறகும் விரல் மரப்பு போகவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்குக் கோளாறு மணிக்கட்டிலேயே இருந்திருக்கும்.

எம்.ஆர்.ஐ சொல்வதும் சொல்லாததும்

"ரிப்போர்ட்டில் மூணு டிஸ்க் வெளியே வந்திருக்குன்னு போட்டிருக்கு" என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஒரு வலியும் இல்லாதவர்கள்!

அதனால் படத்தில் தெரிகிற பிதுக்கம் மட்டும் ஆபரேஷனுக்குக் காரணமாகாது. கையில் மரத்துப் போகும் விரலும், பரிசோதனையில் குறையும் பலமும், படத்தில் நசுங்கிய நரம்பும் மூன்றும் ஒரே அடுக்கைக் காட்ட வேண்டும். கட்டைவிரல் மரக்கிறது, படத்தில் சி5-சி6 பிதுங்கியிருக்கிறது என்றால் கணக்குச் சரி; சி6 நரம்பு வெளியேறுவது அந்த அடுக்கில்தான். கட்டைவிரல் மரக்கிறது, பிதுக்கமோ சி3-சி4 என்றால் இன்னும் தேட வேண்டும். கையைத் தொட்டுப் பார்க்காமல், சுத்தியலால் தட்டிப் பார்க்காமல், படத்தை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தேதி கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சை

கைக்கு இறங்கும் வலியில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகவே குறைகின்றன. பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும். அதனால் 6 வாரமாவது வலி மாத்திரை, பிசியோதெரபி, வேலை செய்யும் விதத்தில் மாற்றம் என்று பார்த்த பிறகுதான் ஆபரேஷன் பேச்சை எடுப்பது வழக்கம். காலர் பட்டையைச் சில நாள் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் தசை பலவீனமாகும். மெடிக்கலில் சொல்லி வாங்கும் வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

இரண்டு பேர் மட்டும் காத்திருக்கக் கூடாது. கையின் பலம் நாளுக்கு நாள் குறைகிறவர், தண்டுவடம் நசுங்கும் அறிகுறி உள்ளவர். இவர்களுக்கு ஆபரேஷனின் நோக்கம் இருப்பதைக் காப்பாற்றுவது. போனது முழுவதும் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது. சீக்கிரம் வந்தவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஆபரேஷனில் குணமாக்குவது எது?

விளம்பரங்கள் விட்டுவிடும் பகுதி இதுதான். செயற்கை டிஸ்க் வைத்தாலும் சரி, எலும்புகளை ஒட்டவைத்தாலும் சரி, ஆபரேஷனின் முக்கால்வாசி ஒன்றேதான்.

1. முழு மயக்கம். கழுத்தின் முன்பக்கம், தோல் மடிப்பை ஒட்டி, குறுக்காக ஒரு சிறு கீறல்.
2. மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கம், ரத்தக்குழாயை மறுபக்கம் மெதுவாக ஒதுக்கினால் நேராக எலும்புக்குப் போய்விடலாம். தசையை வெட்ட வேண்டியதே பெரும்பாலும் இல்லை. முன்பக்கமாக ஏன் போகிறார்கள் என்றால் நடுவில் நிற்கும் தண்டுவடத்தைத் தொடாமல் டிஸ்க்கை எடுக்கலாம் என்பதற்காக.
3. எக்ஸ்ரே திரையில் அடுக்கைச் சரிபார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொண்டே டிஸ்க்கை முழுவதும் எடுக்கிறார்கள்.
4. பின்னால் நரம்பை நசுக்கும் கூழையும் எலும்பு முளையையும் நீக்குகிறார்கள்.

கைவலியைத் தீர்ப்பது இந்த நாலாவது படி. இது வரைக்கும் செயற்கை டிஸ்க் உறையைவிட்டே வெளியே வந்திருக்காது. நரம்பை விடுவித்தாயிற்று. இப்போது டிஸ்க் இருந்த இடத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அதில் என்ன வைப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் பிரிகின்றன.

இணைப்பு: எலும்புத் துண்டோ, உள்ளே எலும்புத் துகள் நிரப்பிய ஒரு சின்னக் கூண்டோ வைத்து, தேவைப்பட்டால் முன்னால் ஒரு உலோகத் தகட்டைத் திருகி, இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டும்படி செய்வது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து நடக்கும் முறை.

செயற்கை டிஸ்க்: மேலும் கீழும் டைட்டானியம் அல்லது கோபால்ட்-குரோமியம் தகடு, பல வகைகளில் நடுவே பாலிஎதிலீன் என்ற கெட்டி பிளாஸ்டிக். மொத்த உயரம் பெரும்பாலும் 5 முதல் 7 மில்லிமீட்டர். அந்த அடுக்கு தொடர்ந்து அசையும்.

உலோகம் குணப்படுத்துவதில்லை என்பதற்கு வேலூரிலேயே சாட்சி இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது சி.எம்.சி-யில்தான் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி). தண்டுவடம் பல அடுக்குகளில் நசுங்கியவர்களுக்கு எலும்பின் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, தகடோ திருகோ இல்லாமல், நோயாளியின் சொந்த எலும்பையே வைத்து இணைக்கும் முறையைப் பற்றி அந்தத் துறையிலிருந்து தொடர்ந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. நரம்பை விடுவிப்பது நன்றாக நடந்ததா என்பதுதான் முதல் கேள்வி.

அப்படியானால் செயற்கை டிஸ்க் எதற்கு?

இணைப்பில் ஒரு சந்தேகம் ரொம்ப நாளாகவே இருந்தது. ஓர் அடுக்கு அசையாமல் போனால் அதன் மேல், கீழ் அடுக்குகள் அந்த வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும், அதனால் அவை சீக்கிரம் கெடுமோ என்பதுதான் அது. அமெரிக்காவில் இணைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 374 பேரைப் பின்தொடர்ந்து 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து அடுக்கில் புதிதாகத் தொந்தரவு வந்தது. 10 வருடத்தில் நாலில் ஒருவருக்கு வரலாம் என்று கணக்கிட்டார்கள். செயற்கை டிஸ்க் மேல் உலகத்தின் கவனம் திரும்ப இந்த எண் ஒரு முக்கியக் காரணம்.

எண் உண்மைதான். ஆனால் அந்த நோயாளிகளின் பக்கத்து டிஸ்க் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருந்ததா, இணைத்ததால் தேய்ந்ததா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இன்னும் அந்த விவாதம் முடியவில்லை.

செயற்கை டிஸ்க் யோசனையும் புதிதல்ல. ஸ்வீடன் டாக்டர் ஃபெர்ன்ஸ்ட்ரோம் 1960-களில் எஃகு உருண்டைகளை வைத்துப் பார்த்தார். அவை எலும்புக்குள் புதைந்துபோயின. 1980-களின் கடைசியில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஓர் எஃகு மூட்டு உருவானது. அதன் வழித்தோன்றல்தான் 2007-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ (மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பு) அனுமதித்த முதல் கழுத்து டிஸ்க்கான பிரெஸ்டீஜ். அதே வருடம் புரோடிஸ்க்-சி. 2013-இல் மோபி-சி, பக்கத்துப் பக்கத்து இரண்டு அடுக்குகளுக்கும் சேர்த்து.

ஆய்வுகளை எப்படிப் படிப்பது

எஃப்.டி.ஏ அனுமதிக்காக நடந்த சோதனைகள் பெரும்பாலும் இணைப்போடு ஒப்பிட்டவை. பொதுவாக அவற்றின் முடிவு: கைவலி குறைவதிலும் அன்றாட வேலை செய்வதிலும் செயற்கை டிஸ்க் இணைப்புக்குக் குறைந்ததில்லை. வருடங்கள் போகப் போக, மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தவர்கள் செயற்கை டிஸ்க் பக்கம் குறைவு. இரண்டு அடுக்குகளில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு செய்தது டிஸ்க்கைத் தயாரித்த கம்பெனிகளே. தனக்கு எது வைக்கப்பட்டது என்பதும் நோயாளிக்குத் தெரிந்திருந்தது. புதுப்பொருள் கிடைத்தவர் கொஞ்சம் உற்சாகமாகத்தான் பதில் சொல்வார். நெதர்லாந்தில் நோயாளிக்கு எது என்று சொல்லாமலே ஒரு சோதனை நடத்தினார்கள். 109 பேர், மூன்று குழு: டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் விட்டவர்கள், இணைத்தவர்கள், செயற்கை டிஸ்க் வைத்தவர்கள். 2019-இல் வந்த முடிவில், 2 வருடம் கழித்து மூன்று குழுவுக்கும் கழுத்தின் செயல்பாட்டில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஒன்றும் வைக்காதவர்களும் அதே அளவு தேறியிருந்தார்கள்! சிறிய ஆய்வுதான், ஆனாலும் நாலாவது படிதான் குணமாக்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

"இணைத்தால் கழுத்தைத் திருப்ப முடியாது" என்ற பயத்துக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். திருப்புவதில் பாதி சி1-சி2 மூட்டில் நடக்கிறது என்று பார்த்தோம். இணைப்பு அதைத் தொடுவதே இல்லை. ஓர் அடுக்கை இணைத்தவர் வண்டி ஓட்டும்போது திரும்பிப் பார்ப்பதில் குறையை உணர்வது அபூர்வம். மூன்று, நாலு அடுக்கு இணைத்தால் தெரியும்.

செயற்கை டிஸ்க்கிலும் அசைவு நிரந்தரம் என்று சொல்ல முடியாது. சிலருக்கு டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்ந்து, அசைவு குறைந்து, கடைசியில் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. பல மடங்கு பணம் கொடுத்து ஓர் இணைப்பைச் செய்துகொண்ட மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான். இது வராமல் இருக்கச் சில டாக்டர்கள் முதல் சில வாரம் வலி-வீக்க மாத்திரை கொடுப்பார்கள். டிஸ்க் எலும்புக்குள் இறங்குவது, இடம் மாறுவது, தேயும் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு கரைவது ஆகியவை அரிதாக நடக்கும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

பொருந்துகிறவரின் உருவம் ஓரளவு தெளிவு: நடுவயது அல்லது அதற்குக் கீழ், ஒன்று அல்லது இரண்டு அடுக்கில் பிதுக்கம், கைக்கு இறங்கும் வலி, ஆறு வாரத்துக்கு மேல் மருந்துக்குக் கேட்கவில்லை, அந்த அடுக்கு இன்னும் நன்றாக அசைகிறது. மென்மையான பிதுக்கத்தால் தண்டுவடம் ஓர் அடுக்கில் லேசாக நசுங்கிய சிலருக்கும் வைக்கிறார்கள்.

பொருந்தாதவர்கள்:

1. எலும்பு வலுவிழந்தவர்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடமும், நீண்டகாலம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களிடமும் இது அதிகம். மெத்தென்ற எலும்பில் தகடு புதையும். இந்த வயதுப் பெண்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுக்காமல் முடிவு செய்யக் கூடாது.
2. அந்த அடுக்கின் பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்கள். அசைவைக் காப்பாற்றினால் அந்த மூட்டின் வலியையும் சேர்த்துக் காப்பாற்றியதாகும்.
3. டிஸ்க் முழுவதும் சப்பையாகி, அசைவே இல்லாமல் போனவர்கள். காப்பாற்ற அசைவு இல்லை.
4. எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறவர்கள், கழுத்தின் வளைவு தலைகீழாகத் திரும்பியவர்கள்.
5. தண்டுவடத்துக்கு முன்னால் ஓடும் நீண்ட தசைநார் எலும்பாக மாறியவர்கள். ஆசிய மக்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. எம்.ஆர்.ஐ-யில் சரியாகத் தெரியாமல் போகலாம், சி.டி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும்.
6. உடம்பில் கிருமித் தொற்று இருப்பவர்கள், குறிப்பிட்ட உலோகத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்கள்.

இந்தப் பட்டியலைப் படித்தால் ஒன்று புரியும். வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து கடைசி நேரத்தில் வருகிறவர், அதாவது 60 வயது, நடை தள்ளாட்டம், பல அடுக்கு நெருக்கம் என்று வருகிறவர், செயற்கை டிஸ்க்குக்கு ஏற்ற ஆளே இல்லை. அவருக்கு இணைப்போ பின்பக்கமாக எலும்பைத் திறந்து விடுவதோதான் சரி. அதைச் சொல்லும் டாக்டர் 'பழைய முறை' ஆள் என்று நினைக்க வேண்டியதில்லை. மறுபக்கம், 38 வயதில் ஒரே ஒரு பிதுக்கத்தோடு வருகிறவருக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது என்று சொல்லாமலே இணைப்புக்குத் தேதி போடுவதும் சரியில்லை.

பீடியோ சிகரெட்டோ பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிகோட்டின் எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். இணைப்பு செய்துகொள்ளப் போகிறவர் பல வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்.

பணம்

செயற்கை டிஸ்க்கின் விலை இணைப்புக் கூண்டைவிடப் பல மடங்கு. ஆபரேஷன் செலவில் பெரும் வித்தியாசம் இதனால்தான் வருகிறது. இதய ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017-இல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த உத்தரவுகளில் கழுத்து டிஸ்க் வராது. ஆகவே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி, பிராண்டுக்கு பிராண்ட் விலை மாறும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆனால் '5 லட்சம்' என்பது மொத்த வரம்பு, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனியாக ஒரு தொகுப்புத் தொகை இருக்கும். தோல், ஷூ கம்பெனித் தொழிலாளர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ உண்டு. எந்தத் திட்டமானாலும், ஆபரேஷன் தொகுப்பில் வருகிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்த இம்பிளான்ட்டின் விலையும் தொகுப்புக்குள் அடங்குமா, மேலே கையிலிருந்து எவ்வளவு?" என்று காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இதே கேள்விதான்.

வித்தியாசத் தொகைக்காக நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டால், என் கருத்து: ஓர் அடுக்குப் பிரச்சினைக்கு வேண்டாம். நல்ல கையில் நடக்கும் இணைப்பு கைவலியை அதே அளவுக்குத் தீர்க்கும். காப்பீடு கொடுக்கிறது, வயதும் எலும்பும் ஒத்துவருகின்றன என்றால் செயற்கை டிஸ்க்கைத் தாராளமாக யோசிக்கலாம். இரண்டு அடுக்கு, வயது குறைவு என்றால் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்வேன்.

டாக்டரிடம் கேட்க

1. எனக்கு இருப்பது மூன்றில் எது? கழுத்து வலியா, கை நரம்பா, தண்டுவடமா?
2. விரலும் படமும் ஒரே அடுக்கைக் காட்டுகின்றனவா?
3. இன்னும் 6 வாரம் காத்திருந்தால் எதை இழப்பேன்?
4. பின்பக்கச் சிறு மூட்டு எப்படி இருக்கிறது? எலும்பு அடர்த்தி? குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் அந்த அடுக்கு அசைகிறதா?
5. ஆபரேஷன் நடுவில் செயற்கை டிஸ்க் பொருந்தவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? (இணைப்புக்கு மாறுவோம் என்பதே சரியான பதில். அதற்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள்.)
6. இந்த ஆபரேஷனை நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நரம்பு அறுவை நிபுணரும் செய்கிறார், எலும்பு மருத்துவத்தில் முதுகெலும்புக்கென்று பயிற்சி எடுத்தவரும் செய்கிறார். பட்டத்தைவிடப் பழக்கம் முக்கியம்.

ஆபரேஷனுக்குப் பிறகு

மறுநாளே எழுந்து நடக்க வைப்பார்கள். விழுங்கும்போது தொண்டை அடைக்கிற மாதிரி இருப்பது சாதாரணம், சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் குறையும். கஞ்சி, ரசம் சாதம், குழைந்த இட்லி என்று போகலாம். குரல் கம்முவதும் உண்டு. குரல்நாண் நரம்பு இழுபட்டிருக்கும், பெரும்பாலும் திரும்பிவிடும். முதல் ஒன்றிரண்டு நாளில் கழுத்து வீங்கி மூச்சுத் திணறினால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உள்ளே ரத்தம் தேங்கி மூச்சுக்குழாயை அழுத்துகிறது என்று பொருள். இதற்காகத்தான் முதல் ராத்திரி வார்டில் வைத்துப் பார்க்கிறார்கள். ஆபரேஷன் முடிந்த அன்றே ஆம்பூருக்கோ ஆரணிக்கோ பஸ் ஏறுவது நல்லதல்ல.

இணைத்தவர்களுக்குச் சில வாரம் காலர் இருக்கும். செயற்கை டிஸ்க்குக்குப் பெரும்பாலும் சீக்கிரமே கழற்றிவிடுவார்கள். கைவலி முதலில் போகும், மரப்பு மெதுவாக, பலம் அதைவிட மெதுவாக. கழுத்துப் பிடிப்பு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். முறத்தை மடியிலிருந்து எடுத்துச் சற்று உயரமான பலகையில் வைத்துக்கொள்வது, அரைமணிக்கு ஒருமுறை நிமிர்வது எல்லாம் அதற்குத்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது இம்பிளான்ட்டின் ஸ்டிக்கரோ அட்டையோ கொடுப்பார்கள்: பிராண்ட், அளவு, வரிசை எண். ரேஷன் கார்டோடு சேர்த்து பத்திரப்படுத்துங்கள். கோபால்ட்-குரோமியம் டிஸ்க் எம்.ஆர்.ஐ படத்தில் அந்த இடத்தையே மறைத்துவிடும், டைட்டானியம் அவ்வளவு மறைக்காது. பத்து வருடம் கழித்து இன்னொரு டாக்டர் ஸ்கேன் எழுதும்போது, உள்ளே இருப்பது எது என்று அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.